இரவல் தராதவள்

அவளிடம் இரவல் கேட்டு வாங்கியவர் என்று ஜொகூரில் உள்ள எங்கள் பாலோ ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. பேனா கேட்டால் தரமாட்டாள். சைக்கிள் கேட்டால் தரமாட்டாள். ஒரு தீபாவளிக்கு அவளுடைய பச்சைப் பஞ்சாபி சூட்டை ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு தருகிறேன் என்று நான் கெஞ்சியும் இருக்கிறேன். "முடியாது" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் மலாய்ப் பிள்ளைகள் அவளுக்குக் 'கெடெகுட்' என்று பெயர் வைத்தார்கள். கருமி என்று அர்த்தம். நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சும்மா இருப்போமா, கஞ்சப்பிசினாறி என்றோம். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்து "என்ன வேணும்?" என்பாள். அவளுக்குக் கோபம் வராது. அதில்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடுகள். அவர்கள் வீட்டில் தேங்காய் உடைத்தால் எங்கள் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி ஆடும். வகுப்பும் ஒன்றுதான். ஆகவே அவளுடைய 'முடியாது'களில் பெரும்பங்கு எனக்கே வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நான்கு படிக்கும்போது ஒரு கணக்குப் பரீட்சை. அழிப்பானைக் கொண்டுவர மறந்துவிட்டேன். அவளிடம் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். சரி, இவளிடம் போய்க் கேட்டோமே என்று நொந்துகொண்டு திரும்பினால், பின்னாலிருந்து ஒரு சத்தம். அவள் தன் புது அழிப்பானை அடிக்கோலால் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதியை என் மேசையில் வைத்து, "இது உனக்கு. திருப்பித் தர வேணாம்" என்றாள். மழையிலும் இதே கதைதான். குடையைத் தரமாட்டாள். என்னை வீட்டு வாசல்வரை குடைக்குள் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, மறுபடி கடைக்குத் தனியாகப் போவாள். கொடுப்பாள். கொடுத்தால் அது கொடுத்ததுதான். இரவல் மட்டும் அவளுக்கு ஆகாது. வாங்கவும் மாட்டாள். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டதற்கு, "குடுத்தா மறந்துடலாம். இரவல் குடுத்தா அந்தப் பொருள் பின்னாடியே மனசு போகும். எனக்கு அவ்வளவு மனசு இல்ல லா" என்றாள்.

எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்ததும் இருவரும் பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்தோம். சம்பளம் வங்கியில்தான் போடுவார்களாம், கணக்குத் திறந்துகொண்டு வாருங்கள் என்றார்கள். இருவருக்கும் பதினெட்டு ஆகியிருந்ததால் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அடையாள அட்டையும் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும். நான் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போனேன்.

வங்கியில் முக்காடு போட்ட ஒரு மலாய் அக்காள் எங்களை உட்காரவைத்தாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் போட்டுவிட்டேன். இவள் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு மானம் போனது. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இவளோ கார்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், வெகுநாள் தொடாமல் விட்டால் கணக்கு என்ன ஆகும், பொருள் வாங்கும்போது எண் கேட்காமல் கார்டைச் சும்மா தட்டினால் போதும் என்கிறீர்களே, தொலைந்துபோனால் எடுத்தவனும் தட்டலாமா என்று ஒன்று விடாமல் கேட்கிறாள். அந்த அக்காளுக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது. தட்டும் வசதியை வேண்டாமென்றால் நிறுத்திவைக்கலாம், ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு வரம்பு போடலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் கார்டுக்கான இரகசிய எண்ணைப் பற்றிச் சொல்லும்போது, வங்கியில் வேலை செய்யும் நானே கேட்டாலும் சொல்லக்கூடாது, பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக்கூடாது என்றாள். இவள் முகத்தில் அப்படி ஒரு ஒளி. உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தாள் போலிருக்கிறது.

இயந்திரத்தின் முன்னால் எண் போடப் போனோம். இரண்டு பேரும் ஒரே எண்ணாகப் போடலாம், ஒருத்தி மறந்தாலும் மற்றவள் சொல்லலாம் என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகாதது ஆச்சரியம். "நீ சுவத்தப் பாரு" என்றாள். பார்த்தேன். என் முறை வந்தபோது அவளும் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் பிறந்த தேதியைப் போட்டேன். அதை அவளிடம் சொல்லவும் வாயெடுத்தேன். காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எங்கள் வீட்டுக்குக் கார்டு வந்த கதை வேறு. எங்கள் அம்மாவிடம் தனி, பொது என்ற பேச்சே கிடையாது. என் கார்டை வாங்கி, எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக்கொண்டார். அந்த டின்னில்தான் வீட்டுச் சாவி, தண்ணீர்க் கட்டண ரசீது, அப்பாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கும். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கைப்பேசியில் செயலி இருந்தது. அதுவே எனக்குப் பெரிய அந்தஸ்து. செலவுக்கு அம்மா ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாய்மாமா ஜொகூர் பாருவிலிருந்து காரில் வந்தார். அவள் அம்மாவுக்கு இருந்த ஒரே அண்ணன். நல்ல மனிதர். சிரித்தால் தாமான் முழுக்கக் கேட்கும். லாரித் தொழிலில் விழுந்து, கடனாகி, வங்கிக்காரன் இருக்கிற பணத்தையும் எடுத்துக்கொள்வான் என்று பயந்து, தன் பெயரில் கணக்கே வைத்துக்கொள்ளாமல் பல வருடமாக ரொக்கத்தில் பிழைத்து வந்தவர். அவள் சடங்குக்கு வரிசையாகத் தட்டு எடுத்து வந்து, தங்கச் சங்கிலி போட்டுச் சீர் செய்தவரும் அவர்தான். அப்போதே அவரிடம் பணம் இல்லை. எப்படிச் செய்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். கோழிக்குழம்பு வாசம் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தது. இலை போட்டாகிவிட்டது. மாமா மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஜொகூர் பாருவில் ஒரு முதலாளி வேலை தருகிறாராம். வியாபாரப் பணம் வந்து போக ஒரு வங்கிக் கார்டு வேண்டுமாம், எண்ணோடு. இவருக்குத்தான் கணக்கு இல்லையே. மருமகள் கார்டைக் கொஞ்ச மாதத்துக்கு விட்டுக்கொடுத்தால் அவளுக்கும் மாதம் ஐந்நூறு வெள்ளி கிடைக்கும்.

"மாமா கேக்கறாருல்ல, போய் எடுத்துட்டு வா" என்றார் அவள் அம்மா, அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே.

அவள் எழுந்து உள்ளே போனாள். தாய்மாமன் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா, இன்றைக்கு இவள் வசமாக மாட்டினாள் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் கார்டு இல்லை. அந்தச் சங்கிலி இருந்தது. அதை ஒரு தட்டில் வைத்து மாமா முன்னால் நீட்டினாள்.

"இதை எடுத்துக்குங்க மாமா. வித்துக்குங்க, என்ன வேணாலும் செய்ங்க, இனிமே இது உங்களோடது. இந்த மாச சம்பளமும் தர்றேன். கார்ட மட்டும் கேக்காதீங்க. என் பேர இரவல் குடுக்க எனக்குத் தெரியாது."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. இலையை மடிக்காமல், ஒரு கவளம்கூட எடுக்காமல் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சீர் கொண்டுவந்த அண்ணன் பசியோடு போகிறாரே, இனி இந்த வாசலை மிதிப்பாரா என்று அழுதார். எனக்கு அவளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம் போலிருந்தது. அழிப்பான் வேறு, மாமா வேறு இல்லையா? அவள் எல்லோருடைய இலையிலும் சோற்றை மூடிவைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம். சம்பளம் வந்துவிட்டதா என்று செயலியைத் திறந்து பார்த்த எனக்குத் தலை சுற்றியது. என் ஆயுளில் நான் பார்க்காத தொகை அதில் இருந்தது. ஆயிரக்கணக்கில். முதலில் குதித்தேன். அவளிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"இது உன்னோடது இல்ல" என்றாள். "உன் கார்டு எங்க?"

பிஸ்கட் டின்னில் என்றேன். அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். அம்மா எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா. நேற்று வாசலில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டம்மாவின் அண்ணன் கண்கலங்கிப் போனாராம். அம்மா கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டாராம். பாவமாக இருந்ததாம், நம் வீட்டில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டாராம். "எண்ணும் அதுலயே ஒட்டியிருக்கு, அண்ணனுக்குச் சிரமம் இல்ல" என்றார். வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி கேட்டால் கொடுக்கிறோமே, அதுபோலத்தான் எங்கள் அம்மாவுக்கு.

எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தை இப்படி அப்பாவிகளின் கணக்கில் போட்டு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மலாய்க்காரர்கள் அதை 'அக்காவுன் கெல்டாய்' என்பார்கள், கழுதைக் கணக்கு. சுமப்பது கழுதை, போலீஸ் பிடிப்பதும் கழுதையைத்தான். பதினெட்டு வயதில் என் பெயரில் வழக்கு. யார் அதன்பிறகு வேலை தருவார்கள்? யார் இன்னொரு கணக்குத் திறக்க விடுவார்கள்? அந்தக் கழுதை இப்போது நான்தான்.

நீயே ஏதாவது செய் என்று கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். அந்த நேரத்திலும் வாங்கவில்லை பாருங்கள். "உன் போனு, உன் கணக்கு, நீயே பண்ணு. நான் சொல்றேன்" என்றாள். தன் கார்டைத் திருப்பி, அதன் பின்னால் இருந்த வங்கி எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் அழுதுகொண்டே அடித்தேன். என் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் நானே சொன்னேன். கார்டை நிறுத்தியாகிவிட்டது என்று மறுமுனையில் சொன்னார்கள். செயலியைத் திறந்து பார்த்தோம். பணம் அப்படியே இருந்தது. யாரும் இன்னும் தொடவில்லை. அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. சுகமாகவும் இருந்தது.

உடனே வங்கிக்கு நடந்தோம். அதே முக்காட்டு அக்காள். கேட்டதும் உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பணத்தில் ஒரு காசுகூடத் தொடாதே, கணக்கை முடக்கிவைக்கிறேன், இன்றைக்கே போலீசில் புகார் கொடு, கார்டு யார் கைக்குப் போனது என்று மறைக்காமல் சொல் என்றாள்.

யார் கைக்குப் போனது? அதுதான் சிக்கல். நான் தப்ப வேண்டுமென்றால் அவள் மாமா பெயரைச் சொல்ல வேண்டும். அவள் வங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மாமா, இவ உங்க பேரச் சொல்லித்தான் ஆகணும். நானும் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லிடுங்க. நீங்க கெட்டவரு இல்லன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. நான் பாலாய் வாசல்ல நிக்கிறேன். நீங்க வர்ற வரைக்கும் நிப்பேன்."

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். அங்கே போய் நின்றோம். ஜொகூர் பாருவிலிருந்து வந்து சேர நேரம் பிடிக்கும். வருவாரா என்பதே தெரியாது. இதற்குள் விஷயம் வீட்டுக்குப் போய், அவள் அம்மா கூப்பிட்டுவிட்டார். என் அண்ணனைப் போலீசில் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வராதே என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு என்னிடம், "விடலன்னா உங்க வீட்டுல இருந்துக்கறேன். சும்மா இல்ல, வாடகை தருவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவளையா கஞ்சப்பிசினாறி என்று சொன்னோம் என்று அன்றைக்கு முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு அந்தக் கார் வந்தது. மாமா இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள். பேயறைந்தவர்போல் இருந்தார். அந்த முதலாளி மதியத்திலிருந்து போனை எடுக்கவில்லையாம், கார்டு வேலை செய்யவில்லை என்று கெட்ட வார்த்தையில் திட்டி ஒரு செய்தி மட்டும் அனுப்பினானாம். "என்னைப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்களாம்மா?" என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டார். தெரியாது மாமா, ஆனால் நான் கூட இருப்பேன் என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் பின்னால் போனேன்.

மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளியின் எண், அனுப்பிய செய்திகள், கார்டை வாங்கிக்கொண்டு போனவனின் கார் எண் எதையும் விடவில்லை. லாரி ஓட்டியவர், கார் எண் மறக்குமா? அவரைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். சில வாரம் கழித்து அந்தக் கும்பலைப் பிடித்தார்கள். அறை முழுக்க அடுத்தவர்களின் கார்டுகளாம். அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது நான் போனேன். என் கார்டு உடனே தெரிந்தது. எங்கள் அம்மா கையெழுத்தில் எண் ஒட்டியிருந்த கார்டு அது ஒன்றுதான். பணம் பறிகொடுத்தவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வங்கியில் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. முழுசாகச் சேர்ந்தது என்றார்கள், எனக்கு அது போதும். என் பெயரில் ஒரு கறையும் இல்லை.

இதெல்லாம் நடந்து பல வருடமாகிறது. போன வாரம், இப்போது நான் வேலை செய்யும் ஜொகூர் பாரு பல் மருத்துவ நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முதல் கார்டு கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம்பிடித்து வாட்சப்பில் போட்டுவிட்டாள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். நான் விட்ட டோஸில் அந்தப் பெண் அப்போதே வங்கியை அழைத்து கார்டை மாற்றிவிட்டாள். திட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, நான் பேசியது என் குரலில் இல்லை. அந்த இரவல் தராதவள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று கேள்வி. பேசி வருடக்கணக்காகிறது. ஆனாலும் என் வாயில் அவள்தான் பேசினாள்.

அந்தப் போலீஸ் விவகாரத்துக்குப் பிறகு மாமா மறுபடி சாப்பிட வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். அவள் அம்மா மூன்று வகைக் கறி வைத்தார். எங்கள் அம்மா அசடு வழியப் பாயசம் கொண்டுபோனார். சாப்பிட்டு முடித்ததும் மாமா அலமாரியில் கிடந்த சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவளா கேட்பாள்? "அது உங்களுக்குக் குடுத்தாச்சு மாமா" என்று கை கழுவப் போனாள்.

மாமா விடவில்லை. "சரி, அப்ப இது என்னோடது. என்னோடதை நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன். உனக்குக் குடுக்கறேன். இரவல் இல்ல, திருப்பித் தர வேணாம்."

ஈரக் கையோடு நின்றாள். மாமா அவர் பாணியில் சிரித்தார், எங்கள் வீட்டு நாள்காட்டி ஆடியிருக்கும். அவள் அம்மாதான் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டார். போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் மாமாவை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடன் கொடுத்த வங்கி வேறு, இது வேறு, பயப்படாதீர்கள், கடனைப் பற்றிப் பேச இன்னொரு நாள் அங்கேயும் நேராகப் போவோம் என்று வழியெல்லாம் சொன்னாள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். முக்காட்டு அக்காள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் மாமா தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடும் முன்னால் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நான் திரும்பி முறைத்தேன்.

கார்டு வந்தது. இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். பழக்கதோஷம், மாமாவுக்கு இயந்திரம் புதிதாயிற்றே, உதவலாம் என்று அவள் பக்கத்தில் போனாள். மாமா இடது கையால் பொத்தான்களை மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீ சுவத்தப் பாரு" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.